காமன் நவுனா, ப்ராப்பர் நவுனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் வீட்டில் ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் வருகிறார்கள், வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பட்டதாரிகளும் வருகிறார்கள். பெயர்ச்சொல் பாடத்தில் இவர்கள் எல்லோரும் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பாடம் கடினம் என்பதால் இல்லை. தமிழ் வழியாக யோசிக்கிற நமக்கு எந்த இடத்தில் குழப்பம் வரும் என்று ஆங்கில இலக்கணப் புத்தகங்களுக்குத் தெரியாது, அதனால்தான். என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு வகையைச் சேர்ந்த எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர் காமன் நவுன். அந்த வகையில் குறிப்பிட்ட ஒன்றுக்கென்று வைத்த பெயர் ப்ராப்பர் நவுன். ரிவர் காமன், காவேரி ப்ராப்பர். சிட்டி காமன், மதுரை ப்ராப்பர்.

இதில் 'வைத்த' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தெருவில் ஒரு நாய்க்குட்டி பிறந்தால் அது பிறந்த நிமிஷமே 'டாக்'தான். அதற்கு யாரும் பெயர் சூட்ட வேண்டியதில்லை. நீங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்து 'மணி' என்று வைத்த பிறகுதான் அது மணி. ஒரு சொல் எந்த வகை என்று சந்தேகம் வந்தால், இந்தப் பெயரை இதற்கென்று யாராவது வைத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

'ப்ராப்பர்' என்றால் 'சரியான' என்றுதானே அர்த்தம்? அப்படியானால் காமன் நவுன் சரியில்லாத பெயரா?

நல்ல கேள்வி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டது இது. இந்த இடத்தில் 'ப்ராப்பர்' என்பதற்குச் 'சரியான' என்ற பொருள் கிடையாது. லத்தீன் இலக்கணக்காரர்கள் இதை 'நோமென் ப்ரோப்ரியும்' என்றார்கள். தனக்கே உரிய பெயர் என்று அர்த்தம். சொத்தைக் குறிக்கும் 'ப்ராப்பர்ட்டி'யும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். ஒருவருக்கே உரியது என்பதுதான் இரண்டிலும் உள்ள கருத்து.

'காமன்' நாம் தினமும் பேசுகிற காமன்தான். ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம் இருந்தால் குழாய் காமன், அவரவர் குடம் அவரவருக்கு. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வரும். 'ரிவர்' என்ற சொல் எல்லா ஆறும் பங்குபோட்டுக்கொள்கிற குழாய். 'காவேரி' ஒருத்தியின் குடம்.

தமிழ் இலக்கணத்தில் படித்த பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்தானே இவை?

இல்லை. நம் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு பையன் 'மேங்கோ' என்ற சொல்லை எங்கே எழுதினாலும் முதல் எழுத்தைப் பெரிய எம்மாகப் போட்டு வந்தான். சிவப்பு மையில் திருத்தித் திருத்திப் பார்த்தேன், மாறவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "மா சிறப்புப்பெயர் மிஸ், தமிழ்ப் புத்தகத்தில் இருக்கு" என்றான். எடுத்துக்கொண்டு வந்தும் காட்டினான். மரம் இடுகுறிப் பொதுப்பெயர், மா, பனை இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர், மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். அவன் படித்ததில் பிழையே இல்லை. சிறப்புப்பெயர் என்றால் ப்ராப்பர் நவுன் என்று யாரோ மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமன்பாட்டை நம்பித்தான் அவன் மாம்பழத்துக்குக் கேப்பிடல் போட்டிருக்கிறான்.

தமிழ் இலக்கணம் சொல்லும் பொதுவும் சிறப்பும் ஏணிப்படி மாதிரி. மேலே பெரிய வகை, கீழே அதன் உள்வகை. மரத்துக்குள் மா. ஆங்கிலம் இந்தப் படிகளைக் கண்டுகொள்வதே இல்லை. ட்ரீயும் காமன், மேங்கோவும் காமன், மாங்காயில் எத்தனை ரகம் சொன்னாலும் அவை அத்தனையும் வகைகளே. வகைகளையெல்லாம் தாண்டி, இதோ நிற்கிறதே இந்த ஒரு மரம், இதற்கென்று பெயர் வைத்திருக்கிறார்களா என்பது மட்டும்தான் ஆங்கிலத்தின் கேள்வி.

மரத்துக்கு யார் பெயர் வைப்பார்கள் என்று தோன்றலாம். வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில் பிரம்மாண்டமான ஒரு மரம் நிற்கிறது. அதன் பெயர் ஜெனரல் ஷெர்மன். அங்கே ட்ரீ காமன், செக்கோயா என்ற மர வகையும் காமன், ஜெனரல் ஷெர்மன் மட்டும் ப்ராப்பர். ஆனால் பூங்காவின் பெயருக்குள் வரும்போது அதே செக்கோயா ப்ராப்பராகிவிடுகிறது, ஏனென்றால் அது அந்தப் பூங்காவுக்கு வைத்த பெயர். இந்த ஒரு உதாரணத்தைப் புரிந்துகொண்டால் போதும், மாமரம் பனைமரக் குழப்பம் திரும்ப வராது.

ஆட்களைப் பொறுத்தவரை ப்ராப்பர் நவுனுக்கு நெருக்கமாக நம் மரபில் இருப்பது இயற்பெயர். பழைய உரைகளில் சாத்தன், கொற்றன் என்று உதாரணம் காட்டுவார்களே, அது.

தமிழில் கேப்பிடல் லெட்டரே இல்லையே. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்தில் இல்லாவிட்டாலும் காதில் நமக்குத் தெரிந்துதான் இருக்கிறது. "மணி அடித்தது" என்றால் கோயில் மணி. "மணி அடித்தான்" என்றால் பக்கத்து வீட்டுப் பையன். "மலர் வாடியது", "மலர் வாடினாள்". வினைச்சொல்லின் வாலைப் பார்த்தே ஆளா பொருளா என்று கண்டுகொள்கிறோம். முத்து, தங்கம், அன்பு, வெற்றி, செல்வம் என்று சாதாரணச் சொற்களையே பெயராக வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் இந்தப் பயிற்சி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

நான் சொல்லித் தருகிற சோதனை இது. சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பாருங்கள். "மலர் வாடியது" என்பதில் மலரை 'ஃப்ளவர்' என்று மாற்றலாம். "மலர் வாடினாள்" என்பதில் மாற்ற முடியாது. மலர் எந்த ஊருக்குப் போனாலும் மலர்தான். பெயர்க்க முடியாமல் அப்படியே எழுத வேண்டி வந்தால் அது பெரும்பாலும் ப்ராப்பர் நவுன். 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம், இட்லி, சேலை போன்ற காமன் நவுன்களும் ஆங்கிலத்துக்குள் அப்படியே போயிருக்கின்றன.

மறுபக்கமும் ஓர் எச்சரிக்கை. பெயர்க்க முடிகிறது என்பதாலேயே ஒன்று காமன் ஆகிவிடாது. ரெட் ஸீயைச் செங்கடல் என்கிறோம், பிளாக் ஸீயைக் கருங்கடல் என்கிறோம், மண்டேயைத் திங்கள் என்கிறோம். அவை ப்ராப்பர் நவுன்களே.

கேப்பிடல் லெட்டரில் தொடங்கினால் அது ப்ராப்பர் நவுன் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. கேப்பிடல் லெட்டர் நெற்றியில் வைக்கிற பொட்டு மாதிரி. அடையாளம் காட்டும், அவ்வளவுதான். வாக்கியத்தின் முதல் சொல் எதுவானாலும் கேப்பிடலில்தான் தொடங்கும். 'நான்' என்று பொருள்படும் 'ஐ' எப்போதும் கேப்பிடல், ஆனால் அது பெயர்ச்சொல்லே இல்லை, பிரதிப்பெயர்.

லீவ் லெட்டரைப் பாருங்கள். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்ற வரியை எழுதாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் கடிதம் என் முன்னால் இருந்தது. ஃபீவரின் எஃப் பெரியது, ஹெட்ஏக்கின் எச் பெரியது, லீவின் எல் எல்லாவற்றையும்விடப் பெரியது. மண்டேயின் எம் மட்டும் சின்னது. அவன் மனதில் எது முக்கியமோ அதற்கெல்லாம் பெரிய எழுத்துப் போட்டிருந்தான். காய்ச்சல் முக்கியம், தலைவலி முக்கியம், லீவ் ரொம்ப முக்கியம்.

முக்கியத்துவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. உயிர், அன்பு, நீதி, தாய் எல்லாமே ஆங்கிலத்தில் ஸ்மால் லெட்டர்தான். யாரும் கேள்விப்படாத ஒரு குக்கிராமத்தின் பெயருக்குக் கேப்பிடல் உண்டு. பெயர் சூட்டப்பட்டதா என்பது ஒன்றே கணக்கு.

அந்தப் பையனின் வழக்கம் புதிதும் இல்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே அப்படித்தான் எழுதினார்கள். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் வாக்கியத்திலேயே ஜஸ்டிஸ், யூனியன் போன்ற சாதாரணப் பெயர்ச்சொற்கள் கேப்பிடலில் இருக்கும். ஆங்கிலம் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. டேனிஷ் மொழி 1948-இல் விட்டது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் நாற்காலி, மேசை உட்பட எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் கேப்பிடல்தான். அதாவது எதற்குப் பெரிய எழுத்து என்பது மொழிக்கு மொழி மாறும் எழுத்து வழக்கம். காமன், ப்ராப்பர் என்ற பிரிவு பொருளில் இருக்கிறது.

கிழமை, மாதம் எல்லாம் கேப்பிடல். சம்மர், வின்டர் ஏன் இல்லை?

வழக்கம் அப்படி. கிழமைகளும் மாதங்களும் நாள்காட்டியில் வைத்த பெயர்கள். பருவங்களை ஆங்கிலம் மழை, வெயில் மாதிரி பொதுச்சொல்லாகவே பார்க்கிறது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வேறு வழியில்லை.

உலகத்துக்கே ஒரு சூரியன்தான். அப்புறம் ஏன் 'சன்' ஸ்மால் லெட்டர்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒன்றே ஒன்று இருப்பது வேறு, ஒன்றுக்கென்று பெயர் வைப்பது வேறு. உங்கள் தெருவில் ஒரே ஒரு கிணறு இருக்கலாம். அதற்காக 'கிணறு' அதன் சொந்தப் பெயர் ஆகிவிடாது. சூரியனையும் சந்திரனையும் ஆங்கிலத்தில் அன்றாட எழுத்தில் அப்படித்தான் நடத்துகிறார்கள், முன்னால் 'தி' சேர்த்து, ஸ்மால் லெட்டரில். வானியல் எழுத்தில் அவற்றையே பெயராகக் கொண்டு கேப்பிடலில் எழுதுகிறார்கள். பூமியைக் குறிக்கும் 'எர்த்' இரண்டு விதமாகவும் வரும். மார்ஸ், ஜூப்பிட்டர் எல்லாம் எப்போதும் கேப்பிடல். அவை ரோமானியக் கடவுள்களின் பெயரை எடுத்து வைத்தவை.

அம்மா, அப்பாவுக்குக் கேப்பிடல் போட வேண்டுமா?

பெயருக்குப் பதிலாகக் கூப்பிடும்போது போட வேண்டும். 'மை மதர்' என்றால் ஸ்மால் எம், அங்கே மதர் என்பது ஓர் உறவு. "மதர், ப்ளீஸ் கம்" என்று கூப்பிட்டால் கேப்பிடல் எம், அங்கே அதுவே பெயர். முன்னால் மை, யுவர், ஹிஸ், ஹர் வந்தால் ஸ்மால் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அங்கிள், ஆன்ட்டி, கிராண்ட்மதர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

கலெக்டர், டாக்டர், பிரெசிடென்ட்?

பெயரோடு ஒட்டி வந்தால் கேப்பிடல். 'பிரெசிடென்ட் கலாம்' என்றால் கேப்பிடல் பி. "டாக்டரைப் பார்க்கப் போனேன்" என்பதுபோல் தொழிலாக மட்டும் வந்தால் ஸ்மால். ஒன்று மட்டும் கூடுதலாக: நம் அரசு ஆவணங்களில் பதவிப் பெயர்களைத் தனியாக வரும்போதும் கேப்பிடலில் எழுதுவது வழக்கம். இந்திய அரசியல் சட்டத்திலும் பிரெசிடென்டுக்குக் கேப்பிடல்தான். அதனால் அரசு வேலைக்குக் கடிதம் எழுதும்போது அந்த வழக்கத்தைப் பின்பற்றினால் யாரும் தவறு சொல்ல மாட்டார்கள்.

ஸயின்ஸுக்கு ஸ்மால், இங்கிலீஷுக்குக் கேப்பிடல். ஏன் இந்த ஓரவஞ்சனை?

மொழிப் பெயர்களும் நாட்டு மக்களின் பெயர்களும் எப்போதும் கேப்பிடல். தமிழ், இங்கிலீஷ், ஹிந்தி மூன்றுக்கும் அப்படித்தான். ஸயின்ஸ், மேத்ஸ், ஹிஸ்டரி ஆகியவை அறிவுத்துறைகள், எனவே ஸ்மால். 'இந்தியன் ஃபுட்' என்பதில் வரும் இந்தியன் பெயர்ச்சொல் இல்லை, பெயரடை. ஆனாலும் ப்ராப்பர் நவுனிலிருந்து பிறந்ததால் கேப்பிடலைக் கூடவே கொண்டுவருகிறது. பயோடேட்டாவில் 'தமிழ்' என்பதை ஸ்மால் டியில் எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் மொழியின் பெயரையாவது கேப்பிடலில் எழுதுவோம்.

ப்ராப்பர் நவுனுக்கு முன்னால் 'தி' வராது என்று படித்தேன். 'தி கங்கா' என்கிறார்களே?

பொதுவாக வராது. மதுரை, இந்தியா, மலர் எதற்கும் வராது. ஆனால் ஆறு, கடல், மலைத்தொடர் ஆகியவற்றுக்கு வரும். தி காவேரி, தி பசிபிக், தி ஹிமாலயாஸ். தனி மலைக்கும் ஏரிக்கும் வராது, மவுண்ட் எவரெஸ்ட், லேக் விக்டோரியா. நாடுகளில் பெயர் பன்மையாகவோ, ஸ்டேட்ஸ், கிங்டம் போன்ற காமன் நவுனைச் சேர்த்தோ இருந்தால் வரும். தி நெதர்லாந்ஸ், தி பிலிப்பைன்ஸ், தி யுனைடெட் ஸ்டேட்ஸ், தி யுனைடெட் கிங்டம்.

வகுப்பில் மூன்று பிரியா இருக்கிறார்கள். அப்போது அது காமன் நவுனா?

'த்ரீ பிரியாஸ்' என்று எஸ் சேர்த்து எழுதலாம், கேப்பிடல் அப்படியே நிற்கும். மூன்று பேருக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரியா என்ற ஒரு வகை மனிதர்கள் கிடையாது. அந்த மூன்று பேருக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இருக்க வேண்டிய அவசியமில்லை. மூன்று பசுவுக்கு அப்படி இல்லை. பசுவாக இருப்பதே அவற்றின் ஒற்றுமை.

ஜெராக்ஸ் எந்த வகை?

நிறுவனத்தின் பெயராக ப்ராப்பர், கேப்பிடலில் எழுத வேண்டும். ஆனால் நம் ஊரில் "ரெண்டு ஜெராக்ஸ் போடுங்க" என்கிறவர் எந்த நிறுவனத்தையும் நினைப்பதில்லை. நகல் என்ற பொருளில்தான் சொல்கிறார். பேச்சில் அது காமன் நவுன் ஆகிவிட்டது.

பெயர் இப்படிப் பொதுச்சொல்லாகக் கரைந்துபோவது வெகுநாளாக நடக்கிறது, நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எஸ்கலேட்டர் ஓட்டிஸ் நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்தது, 1950-இல் அமெரிக்காவில் அந்த உரிமை போயிற்று. வெந்நீர் ஊற்றி வைக்கும் தெர்மாஸும் அப்படித்தான், 1963-இல். ஆஸ்பிரின் பேயர் நிறுவனத்தின் பெயர். 1921-இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில் அது பொதுச்சொல். கனடாவில் இன்றைக்கும் பேயரின் வணிகப் பெயர். ஒரே மாத்திரை, எல்லையைத் தாண்டினால் இலக்கண வகை மாறுகிறது!

மனிதர்களின் பெயரும் கரையும். அயர்லாந்தில் நிலச்சுவான்தார் ஒருவருக்கு ஏஜெண்டாக இருந்தவர் சார்லஸ் பாய்காட். 1880-இல் ஊர் மக்கள் அவரோடு பேச்சுவார்த்தை, வேலை, வியாபாரம் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அந்த ஒதுக்கலுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. இன்று 'பாய்காட்' என்று ஸ்மால் பியில் எழுதுகிறோம். ருடால்ஃப் டீசல் கண்டுபிடித்த இன்ஜினால் வந்தது டீசல்.

நியூட்டன் என்ற அலகை ஸ்மால் என்னில் எழுதச் சொல்கிறார்கள். அவர் பெயர் தானே?

அவரைக் குறித்தால் கேப்பிடல், விசையின் அலகைக் குறித்தால் ஸ்மால். 'டென் நியூட்டன்ஸ்' என்னும்போது அது மீட்டர், கிலோகிராம் போல எண்ணக்கூடிய அளவு. வாட், வோல்ட், ஆம்பியர், கெல்வின் எல்லாமே ஆட்களின் பெயரிலிருந்து வந்தவை, எழுதும்போது ஸ்மால். குறியீடு மட்டும் கேப்பிடல். நியூட்டனுக்குப் பெரிய என், வாட்டுக்குப் பெரிய டபிள்யூ. 'டிகிரி செல்சியஸ்' விதிவிலக்கு, செல்சியஸின் சி பெரியது. அறிவியல் பரீட்சையில் இதற்கு மார்க் குறைப்பார்கள், கவனம்.

வீட்டில் பிள்ளைக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு வாக்கியத்தை எல்லாமே ஸ்மால் லெட்டரில் எழுதிக் கொடுங்கள், பெரிய எழுத்து எங்கே வேண்டும் என்று பிள்ளை திருத்தட்டும். உதாரணத்துக்கு ஒன்று: "ஆன் சண்டே மை அங்கிள் டுக் மலர் அண்ட் ஹர் டாக் மணி டு மெரினா பீச் பை பஸ்."

சண்டே, மலர், மணி ப்ராப்பர். அங்கிள், டாக், பஸ் காமன். மெரினா பீச்சில் இரண்டு சொல்லுக்கும் கேப்பிடல், ஏனென்றால் 'பீச்' அங்கே பெயரின் பகுதி. இதில் நிறையப் பிள்ளைகள் மெரினாவுக்கு மட்டும் போட்டுவிட்டு பீச்சை விட்டுவிடுவார்கள்.

திருத்தி முடித்ததும் அதே வாக்கியத்தில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். மெரினாவை எடுத்துவிட்டு 'தி பீச்' என்று எழுதச் சொல்லுங்கள், பெரிய பி சின்னதாக வேண்டும். அங்கிளுக்கு முன்னால் உள்ள 'மை'யை எடுக்கச் சொல்லுங்கள், சின்ன யூ பெரியதாக வேண்டும். இரண்டையும் நீங்கள் சொல்லாமலே பிள்ளை செய்துவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.